விடாத தலை அரிப்பும் உதிரும் செதிலும்: நான்கு வாரத்தில் அடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். "பொடுகுக்கு ஏதாவது கொடுங்க" என்று யாராவது வந்து நிற்காத நாள் கிடையாது. அப்படி வருகிறவர்களில் பாதிப்பேர் சரியான மருந்தை ஏற்கெனவே வாங்கிப் போட்டவர்கள்தான். "அதெல்லாம் போட்டுப் பாத்தாச்சு, கேக்கல" என்பார்கள். எப்படிப் போட்டீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். மருந்தில் குறை இருக்காது. எதை முதலில் செய்வது, எவ்வளவு நேரம் வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் தவறியிருப்பார்கள்.

எனக்கும் கல்லூரி நாளில் தொடங்கி ஆறேழு வருடம் இந்த அவஸ்தை இருந்தது. அடர்நிறத்தில் ரவிக்கை போடவே கூச்சப்படுவேன். நான் மீண்ட வழியையும், கடையில் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் திருத்திய வழியையும் சேர்த்து எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில், இது பொடுகுதானா என்று பாருங்கள்

முதல் இரண்டு நாள் மருந்தே வேண்டாம். தலை உலர்ந்திருக்கும்போது பகல் வெளிச்சத்தில், வளவிலோ வாசலிலோ உட்கார்ந்து, மடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்துத் தலையைச் சீவுங்கள். விழுந்த செதிலை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள். வீட்டில் ஒருவரைக் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முடியை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

செதில் கொஞ்சம் மஞ்சளாக, விரலில் பிசுபிசுப்பு விட்டால் அது பொடுகு. மூக்கின் இரு ஓரம், புருவம், காதின் பின்மடிப்பு, ஆண்களுக்குத் தாடி, மீசை ஆகிய இடங்களிலும் சிவந்து செதில் இருந்தால் பொடுகு சற்று முற்றியிருக்கிறது என்று பொருள். டாக்டர்கள் இதை செபொரிக் டெர்மடைடிஸ் என்பார்கள். இந்த வழிகாட்டி முக்கியமாக இதற்குத்தான்.

செதில் மாவு போலப் பொடிந்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல், தலைத்தோல் இழுத்துப் பிடித்தது போல இருந்தால் அது வெறும் வறட்சியாக இருக்கலாம். வெந்நீர், உப்புத் தண்ணீர், தினமும் காரமான ஷாம்பு, இவற்றால் வருவது. இதற்குப் பூஞ்சை மருந்து தேவைப்படாது. நான்காவது படியும் மிதமான ஷாம்புவும் போதும்.

பிடரியிலும் காதோரமும் மட்டும் அரித்தால் பேனைச் சந்தேகப்படுங்கள். பொடுகுச் செதில் ஊதினால் பறக்கும், இழுத்தால் வழுக்கி வரும். பேன் முட்டையான ஈர் முடியோடு ஒட்டிக்கொண்டு நகத்தால் உருவினால்தான் வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு "பொடுகு" என்று வாங்கிப் போனதில் எத்தனையோ பேன்தான்.

சின்னப் பிள்ளைக்குத் தலையில் வட்டமாக முடி உதிர்ந்து செதிலும் இருந்தால், அது தலையில் வரும் படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். பருவம் வருவதற்கு முன் தலையில் எண்ணெய் சுரப்பு குறைவு, அதனால் ஐந்து, ஆறு வயதில் உண்மையான பொடுகு அவ்வளவாக வராது. படர்தாமரை ஷாம்புவில் போகாது, வாய்வழி மருந்து வேண்டும். நேரே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

தடிமனான, வெள்ளி போல மின்னும் செதில் நெற்றி முடிக்கரையைத் தாண்டி வெளியே தெரிகிறது, முழங்கையிலும் முட்டியிலும் அதே போல இருக்கிறது, நகத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள் இருக்கின்றன என்றால் சொரியாசிஸ். அதுவும் டாக்டர் பார்க்க வேண்டியது.

கடைசியாக ஒன்று. முடிச்சாயம் போட்டு ஓரிரு நாளில் நெற்றியோரம், காது, கழுத்தில் அரித்துச் சிவந்தால் சாய ஒவ்வாமை. "மருதாணிதான் போட்டேன்" என்பார்கள். கறுப்பாக்கித் தரும் மருதாணிப் பொடியில் பெரும்பாலும் பிபிடி என்ற சாயப்பொருள் கலந்திருக்கும். சுத்தமான மருதாணி முடியைக் கறுப்பாக்காது, செம்பட்டையாகத்தான் ஆக்கும்.

2. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்பு ஒரு பாட்டில். அட்டையில் "2%" என்று இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். பெயர் ஒன்று போலவே இருக்கும் சாதாரணப் பொடுகு ஷாம்புகளும் அதே அலமாரியில் இருக்கும். ஆண்களுக்கு 60 மில்லி பாட்டில் நான்கு வாரச் சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். இடுப்புவரை முடி உள்ளவர்கள் 100 மில்லியாக வாங்குங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே தீர்ந்து பாதியில் விடுவீர்கள்.

மருந்தில்லாத மிதமான ஷாம்பு ஒன்று. ஒரு கடிகாரம் அல்லது போனில் மணி. தனிச் சீப்பு, தனித் துண்டு. வெட்டிய நகம். இவ்வளவுதான்.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் ஆகியோருக்கு டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். கைக்குழந்தையின் உச்சியில் படியும் பக்கு வேறு விஷயம். அதற்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

3. நான்கு வாரம் தலைத்தோலில் எண்ணெய் கூடாது

இந்தப் படியில்தான் நம் பக்கத்தில் சண்டை வரும். ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல் என்று பழகிய வீடுகள். என் அப்பத்தா நான் தலையைச் சொறிவதைப் பார்த்தாலே நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிடுவார். "காஞ்சு போய்க் கெடக்கு, அதான் உதிருது" என்பார். வைத்த அன்று செதில் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது, அரிப்பும் ஓரிரு நாள் அடங்கும். மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாக வரும். திரும்பவும் கிண்ணம் வரும். இப்படியே எனக்கு இரண்டு வருடம் போயிற்று.

காரணம் இது. மலசேசியா என்ற நுண்ணிய பூஞ்சை எல்லோருடைய தலையிலும் இருக்கிறது. அது தானே கொழுப்பைத் தயாரிக்க முடியாமல் தலைத்தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. ஆய்வகத்தில் அதை வளர்க்க வேண்டுமானால் தட்டில் ஆலிவ் எண்ணெய் போன்ற ஒரு கொழுப்பைச் சேர்த்துத்தான் வளர்ப்பார்கள். எண்ணெயை உடைத்து, தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டு, ஓலியிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் விடும். அந்த மிச்சம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. தோல் எரிச்சலாகி, முற்றாத செல்களை அவசரமாக வெளியே தள்ளும். அதுதான் செதில். நல்லெண்ணெயிலோ ஓலியிக் அமிலம் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. அரிக்கும் தலைக்கு அதைத் தேய்ப்பது பூஞ்சைக்குப் பந்தி போடுவது போல.

பொடுதலை, வேப்பிலை, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தைலமும் இதற்குள்தான் வரும். மூலிகை எதுவானாலும் அடியில் இருப்பது எண்ணெய்தானே. நான்கு வாரம் அதையும் நிறுத்துங்கள்.

பெரியவர்களிடம் "எண்ணெயே கூடாது" என்று சொன்னால் நடக்காது. நான் என் வீட்டில் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன்: உடம்புக்கும் உள்ளங்காலுக்கும் வழக்கம் போல நல்லெண்ணெய், முடி வறண்டால் காதுக்குக் கீழே நுனிவரை மட்டும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், உச்சியிலும் வகிட்டிலும் மட்டும் கிடையாது. அப்பத்தா முணுமுணுத்தாலும் ஒப்புக்கொண்டார். இப்போது கடைக்கு வரும் ஆச்சிமாரிடமும் இதையே சொல்கிறேன். எண்ணெயை விடச் சொல்லாமல் இடத்தை மட்டும் மாற்றச் சொன்னால் கேட்கிறார்கள்.

4. தண்ணீரைக் கவனியுங்கள்

நம் ஊர்களில் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. வாளியின் உள்விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது கடினநீர். அதனால் மட்டும் பொடுகு வராது. ஆனால் ஷாம்பு நுரைக்காது, சரியாக அலசப்படாது, படிவு தலையில் தங்கி வறட்சியும் அரிப்பும் கூடும். மருந்து வேலை செய்யவில்லை என்ற எண்ணமும் வந்துவிடும்.

முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் தேட வேண்டாம். கடைசி அலசலுக்கு இரண்டு செம்பு போதும். பழைய வீடுகளில் வளவு ஓட்டிலிருந்து விழும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைப்பார்களே, அந்தத் தண்ணீர் தலைக்கு அருமையானது. மழை இல்லாத மாதத்தில் குடிக்கப் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரில் இரண்டு செம்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

வெந்நீர் வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்பவர்களுக்கு அரிப்பு கூடுவதைப் பார்த்திருக்கிறேன். கையில் ஊற்றினால் சூடு தெரியாத பதம் போதும்.

5. பக்கு தடித்திருந்தால் அதை முதலில் இளக்குங்கள்

லேசான செதில் உள்ளவர்கள் இந்தப் படியைத் தாண்டி ஆறாவதுக்குப் போகலாம்.

விரல் நகம் தட்டும் அளவுக்குப் பக்கு படிந்திருந்தால் ஷாம்பு அதன் மேலேயே ஓடிவிடும், தோலைத் தொடாது. சாலிசிலிக் அமிலம் கலந்த ஷாம்புவோ லோஷனோ கடையில் கேட்டு வாங்கி, முதல் வாரம் மட்டும், அட்டையில் எழுதியிருக்கும் நேரப்படி பக்கின் மேல் தடவி அலசுங்கள். அது செதிலை ஒட்டவைத்திருக்கும் பசையை இளக்கும்.

சீப்பாலும் ஈருவலியாலும் பக்கைப் பெயர்க்காதீர்கள். பெயரும்போது சுகமாகத்தான் இருக்கும். அடியில் தோல் கிழிந்து நீர் வடியும், பிறகு எந்த மருந்தும் எரியும். புண் இருக்கும் இடத்தில் சாலிசிலிக் அமிலம் படக் கூடாது.

6. தேய்க்கும் முறை

போன வருடம் பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். இதே ஷாம்புவில் மூன்று பாட்டில் போட்டு முடித்திருந்தாள். "எப்படிப் போடுறே, செஞ்சு காட்டு" என்றேன். இடது உள்ளங்கையில் ஊற்றுவது போலக் காட்டினாள், இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தாள், பின்னலின் மேலிருந்து நுனிவரை இரண்டு தடவை உருவினாள்.

"எவ்வளவு நேரம் வச்சிருப்பே?"

"நுரை வந்ததும் ஊத்திருவேன் அக்கா."

மூன்று பாட்டில் மருந்தும் முடியில் பட்டு அரை நிமிடத்தில் சாக்கடைக்குப் போயிருக்கிறது. தலைத்தோலில் ஒரு சொட்டுக்கூட இறங்கியிருக்காது. இதே தவறைத்தான் முக்கால்வாசிப்பேர் செய்கிறார்கள். ஆகவே இந்தப் படியை மெதுவாகப் படியுங்கள்.

முதல் கழுவல், சாதாரண ஷாம்புவில். தலையில் இருக்கும் எண்ணெய், வியர்வை, தூசி போவதற்கு. எண்ணெய் இருந்தால் மருந்து ஷாம்பு அதோடு கலந்து நுரைக்காமல் போய்விடும். இதை ஒரு நிமிடத்தில் முடித்து அலசுங்கள்.

அலசிய பிறகு தலையைத் துண்டால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தால் மருந்து நீர்த்துப்போகும்.

இப்போது மருந்து. ஆண்களுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. நீள முடிக்கு இரண்டு தேக்கரண்டி. உள்ளங்கையில் மொத்தமாகக் கொட்டாமல் விரல்நுனியில் எடுங்கள். முன்வகிட்டில் தொடங்கி, முடியை வரி வரியாக விலக்கி, தெரிகிற வெள்ளைத் தோலில் வைத்துத் தடவுங்கள். உச்சி, இரு பக்கம், காதுக்குப் பின், பிடரி. காதுக்குப் பின்னால் பலர் விட்டுவிடுவார்கள், திரும்ப ஆரம்பிப்பதும் அங்கேதான். முடியைப் பற்றிக் கவலையே வேண்டாம். அலசும்போது வழியும் நுரையே முடிக்குப் போதும்.

நகம் படாமல் விரல் சதையால் அரை நிமிடம் பிசையுங்கள். அப்புறம் மணி வையுங்கள்: ஐந்து நிமிடம். மூன்றுக்குக் குறையக் கூடாது. பூஞ்சையின் மேல்சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் உண்டு. கீட்டோகோனசோல் அது உருவாவதைத் தடுக்கிறது. மருந்து தோலின் மேலடுக்கில் ஊறித் தங்க வேண்டும். தங்கினால்தான் அடுத்த குளியல்வரை அதன் வேலை நடக்கும். சோப்பு அழுக்கைப் போக்குவது போல உடனே நடக்கிற காரியம் கிடையாது.

ஐந்து நிமிடம் குளியலறையில் சும்மா நிற்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் மருந்தை முதலில் போட்டுவிட்டு, உடம்புக்குச் சோப்பு போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் தானாகப் போகும். அந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் சொன்னேன். பாட்டில் அதேதான், வேறு மருந்து கொடுக்கவில்லை. அடுத்த மாதம் கடைக்கு வந்தவள் கறுப்புச் சுடிதாரில் வந்தாள். வாயால் எதுவும் சொல்லவில்லை, தோளை மட்டும் திருப்பிக் காட்டினாள்.

புருவத்திலும் மூக்கோரத்திலும் தாடியிலும் செதில் உள்ளவர்கள் அதே நுரையை அங்கும் தடவி, கண்ணை மூடிக்கொண்டு, சேர்த்தே கழுவலாம். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிறகு நன்றாக அலசுங்கள். நுரை போனது போலத் தெரிந்த பிறகும் இரண்டு செம்பு. மிச்சமிருக்கும் ஷாம்புவே சிலருக்கு அரிக்கும். அன்றைக்கு இதற்கு மேல் சீயக்காயோ அரப்போ போட வேண்டாம். போட்டால் வைத்த மருந்தை நீங்களே வழித்தெடுத்த கணக்கு.

7. வாரத்துக்கு இரண்டு தடவை, நான்கு வாரம்

மருந்து போடும் இரண்டு நாளுக்கும் நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். பெண்கள் செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் வீட்டு வழக்கத்தோடு ஒத்துப்போகும், மறக்காது. ஆண்கள் புதன், சனி.

தினமும் போட்டால் சீக்கிரம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். தோல் வறண்டு, அந்த வறட்சியே புதிதாக அரிக்கும்.

இரண்டாம் வாரத்தில் பெரும்பாலும் அரிப்பு அடங்கும். செதில் அதற்குப் பிறகுதான் குறையும். இந்த இடத்தில்தான் "போயிருச்சு" என்று பலர் நிறுத்துவார்கள், அடுத்த மாதம் திரும்ப வருவார்கள். தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எரிச்சலில் உருவான பழைய அடுக்கு முழுக்கக் கழிய வேண்டும். காலண்டரில் எட்டு நாளுக்கு வட்டம் போட்டு வையுங்கள். எட்டு வட்டமும் அடித்த பிறகு நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம்.

8. மருந்து போடாத நாட்கள்

தலை பிசுபிசுத்தால் மிதமான ஷாம்புவில் குளியுங்கள். பொடுகு உள்ளவர்கள் தலைக்குக் குளிப்பதைக் குறைக்கக் கூடாது, எண்ணெய் சேரச் சேரப் பூஞ்சைக்கு வசதி. சீயக்காய் போடலாம், ஆனால் சலித்த பொடியாக இருக்கட்டும். கரகரப்பான பொடி புண்பட்ட தோலைக் கீறும். வடிகஞ்சியில் கலப்பவர்கள் சோற்றுப் பருக்கை இல்லாமல் வடிகட்டி, நன்றாக அலசிவிடுங்கள்.

புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், "எட்டு தடவையும் சரியாப் போட்டேன்மா, நிக்கல" என்று வந்தார். தவிட்டுத் தூசியும் வியர்வையும் தலையில் ஊறியபடியே சாயங்காலம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் அப்படியே படுத்துவிடுகிறார். வேலை நேரத்தில் பருத்தித் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அந்தத் துண்டைத் தினம் துவைத்து, வேலை முடிந்ததும் தலையை வெறும் தண்ணீரிலாவது அலசச் சொன்னேன். இரண்டாவது சுற்றில் அடங்கியது. ஹெல்மெட்டின் உள்பஞ்சு கழற்ற வருவதாக இருந்தால் வாரம் ஒரு தடவை துவைத்து வெயிலில் போடுங்கள். நம் ஊர் வெயில் அதற்காவது உதவட்டும்.

ஈரத்தலையைப் பின்னி, அதன் மேல் மல்லிகைப்பூ வைத்துக் கிளம்புவது நம் பெண்களின் வழக்கம். நான்கு வாரத்துக்கு முடி முழுக்கக் காய்ந்த பிறகு பின்னுங்கள். ஈரமும் சூடும் அடைபட்டுக் கிடப்பது தலைக்கு நல்லதில்லை.

தலையணை உறையை வாரம் ஒரு தடவை மாற்றுங்கள். உதிர்ந்த செதிலும் எண்ணெயும் முகத்தில் படாமல் இருப்பதற்குத்தான் இது, தொற்று பயத்தால் இல்லை. பொடுகு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. வீட்டில் யாரையும் ஒதுக்கி வைக்க வேண்டாம். பேனும் படர்தாமரையும்தான் ஒட்டும்.

எலுமிச்சைச் சாறு, வெங்காயச் சாறு, தயிர் பற்றித் தினமும் கேட்கிறார்கள். சொறிந்த புண்ணில் எலுமிச்சை பட்டால் எரியும். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கறுத்தும் போகலாம். தயிர் தடவினால் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். இந்த நான்கு வாரத்தில் எதையும் கலக்காமல் இருந்தால்தான் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியும்.

மொட்டை போட்டால் போய்விடுமா என்ற கேள்வியும் உண்டு. பழனிக்குப் பாதயாத்திரை போய் முடி இறக்கி வருபவர்கள் இரண்டு மாதம் தலை சுத்தமாக இருக்கிறது என்பார்கள். முடி இல்லாததால் தினமும் நன்றாகக் கழுவ முடிகிறது, மருந்தும் நேரே தோலில் படுகிறது. வேண்டுதலுக்காக இறக்குங்கள், தாராளமாக. எண்ணெய்ச் சுரப்பியும் பூஞ்சையும் அங்கேயேதான் இருக்கும், முடி வளர வளரத் திரும்ப வரலாம். மொட்டை போட்டிருக்கும் நாட்களில் மருந்துச் சுற்றை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

9. நான்கு வாரம் முடிந்ததும்

மறுபடி கறுப்புத் துணியை விரித்துச் சீவிப் பாருங்கள். முதல் நாள் பார்த்ததோடு ஒப்பிடுங்கள்.

அடங்கியிருந்தால் மருந்தை அடியோடு விட்டுவிடாதீர்கள். வாரம் ஒரு தடவை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று குறைத்து, அப்படியே தொடருங்கள். பொடுகு நிரந்தரமாகப் போகிற விஷயம் கிடையாது. பூஞ்சை நம்மோடே இருப்பது, நம் தோலின் சுபாவமும் மாறாது. பல் விளக்குவது போல இது ஒரு பராமரிப்பு. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, அதனால் ஒவ்வொரு தடவை திரும்ப வரும்போதும் மனம் உடைந்துபோவேன். தூக்கம் கெட்ட வாரங்களிலும் பரீட்சை நேரத்திலும் கூடுவது வழக்கம். அப்போது ஒரு வாரம் மட்டும் இரண்டு தடவைக்குத் திரும்பிப் போங்கள்.

எண்ணெய்க் குளியலை விட மனமில்லாதவர்கள், அடங்கிய பிறகு மாதம் ஒரு தடவை வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்துக்குள் கழுவிவிடுங்கள், இரவு முழுக்க ஊறவிட வேண்டாம். எண்ணெய் வைத்த அன்றே மருந்து ஷாம்புவும் போட்டுவிடுங்கள்.

பாதிதான் குறைந்தது என்றால் மருந்தை மாற்றிப் பாருங்கள். ஜிங்க் பைரிதியோன், சைக்லோபிராக்ஸ், செலினியம் சல்ஃபைடு என்று வேறு வகைகள் உண்டு, ஒருவருக்குக் கேட்காதது இன்னொருவருக்குக் கேட்கும். செலினியம் சல்ஃபைடு போடுமுன் தோடு, மோதிரம், சங்கிலியைக் கழற்றி வையுங்கள், அது நகையின் நிறத்தைக் கெடுக்கும். நரைத்த முடியிலும் சாயம் போட்ட முடியிலும் நிறம் ஏறலாம், அதனால் அந்த முடி உள்ளவர்களுக்கு நான் அதை எடுத்துக் கொடுப்பதில்லை.

10. மருந்துக்கடையில் கேட்கக் கூடாத இரண்டு

ஒன்று, ஸ்டீராய்டு லோஷன். "பக்கத்து வீட்டுல ஒரு லோஷன் போட்டாங்க, ஒரே நாள்ல அரிப்பு நின்னுருச்சு" என்று காலிப் பாட்டிலோடு வருவார்கள். பார்த்தால் குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ இருக்கும். அரிப்பு நிற்பது உண்மை. டாக்டர் சில நாளுக்கு எழுதித் தருவதும் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் தானாகப் போட்டால் தோல் மெலிந்துபோகும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். அடியில் படர்தாமரை இருந்தால் அதை மறைத்துப் பரப்பிவிடும். சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

இரண்டு, கீட்டோகோனசோல் மாத்திரை. ஷாம்பு மெதுவாக வேலை செய்கிறது, மாத்திரை போட்டால் சீக்கிரம் போகுமே என்ற எண்ணம். அந்த மாத்திரை கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக் கூடியது. 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதைப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுப்பதையே நிறுத்தச் சொல்லிவிட்டது. தோலில் போடும் ஷாம்புவுக்கு இந்தப் பயம் வேண்டாம், மிகக் கொஞ்சம்தான் உடம்புக்குள் போகும்.

11. எப்போது டாக்டரிடம் போவது

சரியாக, நேரம் பார்த்து, எட்டு தடவை போட்டும் குறையாவிட்டால். தலையில் நீர் வடிந்து, மஞ்சளாகப் பொருக்குக் கட்டி, பிடரியில் நெறி கட்டினால். வட்டமாக முடி கொட்டினால். சிவப்பு நெற்றி, முகம் என்று பரவினால். கை நடுக்க நோய் எனும் பார்க்கின்சன் உள்ள பெரியவர்களுக்குப் பொடுகு கடுமையாக வருவதுண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அப்படியே. இவர்கள் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்காமல் முதலிலேயே காட்டுவது நல்லது.

தோல் டாக்டர் என்று தனியாகப் பார்க்க வேண்டும் என்றால், நம் பக்கத்துக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் இருக்கின்றன. புறநோயாளிச் சீட்டு காலையிலேயே கொடுத்து முடித்துவிடுவார்கள், முதல் பஸ்ஸுக்குக் கிளம்புங்கள்.

போகிற அன்று தலைக்குக் குளிக்க வேண்டாம், எண்ணெயும் வைக்க வேண்டாம். பளிச்சென்று போக வேண்டும் என்று முதல் நாள் இரவே தேய்த்துக் குளித்துவிட்டுப் போனால், டாக்டர் பார்ப்பதற்குத் தலையில் செதிலே இருக்காது. மூன்று நாள் கழுவாத தலையோடு, இதுவரை போட்ட எல்லா பாட்டில், டியூப், தைலத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலியாக இருந்தாலும் பரவாயில்லை.